மதிப்பெண் பெண்ணுக்கா, வார்டுக்கா?

அகமதாபாத்தில் 1987-ஆம் ஆண்டு, பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்களுக்காக ஒரு வீட்டுத் திட்டம் வந்தது. விண்ணப்பங்கள் அதிகம், வீடுகள் குறைவு. ஆகவே குலுக்கல் போட்டார்கள். பெயர் விழுந்தவர்களுக்கு நகரின் விளிம்பில், பழைய குடிசையைவிட நல்ல வீடு ஒதுக்கப்பட்டது. பெயர் விழாதவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். 14 ஆண்டுகள் கழிந்த நிலைமையைப் பொருளியல் ஆய்வாளர்கள் ஷாரன் பார்ன்ஹார்ட், எரிகா ஃபீல்ட், ரோகிணி பாண்டே மூவரும் ஆராய்ந்து இரு தரப்பையும் ஒப்பிட்டார்கள். பெயர் விழுந்தவர்களில் 34 சதவீதம் பேர் புது வீட்டுக்குக் குடிபோகவே இல்லை. 32 சதவீதம் பேர் போன பிறகு வெளியேறிவிட்டார்கள். குடும்ப வருமானத்திலோ பிள்ளைகளின் படிப்பிலோ எந்த முன்னேற்றமும் இல்லை. மாறியதெல்லாம் சுற்றமும் துணையும்தான். உறவுக்காரர்களும் சாதிசனமும் தொலைவாகிப் போனார்கள். ஆபத்து அவசரத்துக்குக் கைகொடுக்க ஆள் குறைந்துபோனது.

புது வீட்டுக்குப் போன ஒரு பெண்ணிடம் அப்போது யாராவது வினாத்தாளோடு சென்று, ‘கஷ்டம் வந்தால் சீக்கிரம் மீண்டு வந்துவிடுவீர்களா?’ என்று கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? பழைய தெருவில் இருந்தபோது தயங்காமல் ‘ஆமாம்’ என்றிருக்கக்கூடியவர், இப்போது யோசித்திருப்பார். மதிப்பெண் இறங்கியிருக்கும். அறிக்கை எழுதுகிறவர், இந்தப் பெண்ணுக்கு மீள்திறன் குறைவு, தன்னம்பிக்கைப் பயிற்சி தேவை என்று குறித்துக்கொண்டு போயிருப்பார். உண்மையில் அந்தப் பெண்ணின் மனத்தில் எதுவும் உடையவில்லை. பக்கத்து வீடு காணாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான். நகர்ப்புற ஏழைப் பெண்களின் மன மீள்திறனை அளக்கும் முயற்சிகள் பெருகிவரும் இந்தக் காலத்தில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: அளப்பதில் தவறில்லை, யாருடைய கணக்கில் மதிப்பெண்ணை எழுதுகிறோம் என்பதில்தான் தவறு நடக்கிறது.

இந்த அளவுகோல்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் சிக்கல் புரியும். மீள்திறனுக்கான முன்னோடி அளவுகோல்களில் ஒன்றை 1993-இல் வேக்னில்ட், யங் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பெரிய இழப்பைச் சந்தித்தும் நன்றாகத் தேறிவந்த முதிய பெண்கள் 24 பேரிடம் அதற்கு முன்பு நடத்திய நேர்காணல்களிலிருந்தே அதன் 25 வாசகங்கள் பிறந்தன. 2003-இல் கானர், டேவிட்சன் இருவரும் இன்னொரு 25 வாசகப் பட்டியலைத் தந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் 4 வரை, மொத்தம் 100 மதிப்பெண். இன்று உலகெங்கும் அதிகம் புழங்குவது இதுதான். 2008-இல் ஆறே வாசகங்கள் கொண்ட சுருக்க அளவுகோல் ஒன்றும் வந்தது. நேர்மையான உழைப்பில் விளைந்தவைதான் இவையெல்லாம். மருத்துவமனையில் ஒரு நோயாளி தேறிவருகிறாரா என்று பார்ப்பதற்கு இவை உதவும். ஆனால் இவற்றில் பெரும்பாலான வாசகங்கள் ‘நான்’ என்றே தொடங்குகின்றன. நான் மாற்றத்துக்கு ஏற்ப நடந்துகொள்வேன், நான் உறுதியானவள், நான் எளிதில் துவண்டுவிட மாட்டேன் என்ற போக்கில் அமைந்தவை. தண்ணீர் லாரி எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, வாரத் தவணை எவ்வளவு, இரவு எத்தனை மணி நேரம் தூங்க முடிகிறது என்றெல்லாம் அந்தப் பட்டியல்கள் கேட்பதில்லை. சுமை தூக்குகிறவரின் தோள்வலிமையைக் கணக்கிட்டுவிட்டு மூட்டையை எடைபோடாமல் விடுவது போன்றது இது.

மீள்திறன் ஆய்வுலகம் இதை அறியாமல் இல்லை. 2011-இல் ஜில் விண்டிலும் அவருடைய சகாக்களும் புழக்கத்தில் இருந்த 15 அளவுகோல்களை அலசிவிட்டு, எல்லோரும் ஏற்கத்தக்க உரைகல் என்று இவற்றில் எதையும் சொல்ல முடியாது என்று முடித்தார்கள். கனடாவைச் சேர்ந்த மைக்கேல் அங்கர், இந்தியா உட்பட 11 நாடுகளில் 14 சமூகங்களில் இளைஞர்களை ஆராய்ந்தார். மீள்திறன் என்பது ஆளுக்குள் பூட்டிக் கிடக்கும் குணமல்ல, தனக்குத் தேவையானதை நாடிச் செல்லவும் கேட்டுப் பெறவும் முடிவது, அப்படிக் கேட்கும்போது சுற்றிலும் உள்ளவர்கள் கொடுக்க முன்வருவது, இரண்டும் சேர்ந்ததுதான் அது என்பது அவர் கண்டது. அதற்கும் முன்பே ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த எம்மி வெர்னர், வறுமையும் குடும்பப் பூசலும் சூழ வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகத் தலையெடுத்ததைக் கண்டார். அவர்களுக்கு இயல்பான சுறுசுறுப்பு இருந்தது உண்மை. கூடவே, பாட்டியோ ஆசிரியரோ அண்டைவீட்டாரோ, அக்கறையோடு அவர்களைக் கவனித்த ஒரு பெரியவராவது இருந்தார். மீள்திறனுக்குப் பேர்போன ஆய்வே துணையின் பங்கைச் சொல்லும்போது, நம் வினாத்தாள்கள் துணையை விட்டுவிட்டு ஆளை மட்டும் பிடித்துக்கொள்வது ஏன்?

ஒரே ஆளின் மதிப்பெண்கூடச் சூழலோடு சேர்ந்து ஏறி இறங்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வொன்றில், தமிழகக் கரும்பு விவசாயிகள் 464 பேருக்கு அறுவடைக்கு முன்பு ஒருமுறை, பணம் கைக்கு வந்த பிறகு ஒருமுறை என்று சிந்தனைத் திறன் சோதனைகள் வைத்தார்கள். ஆள் அதே ஆள்; பணமுடை இருந்தபோது மதிப்பெண் குறைவு, பணம் வந்தபின் அதிகம். அது கிராமத்து ஆய்வு, அளந்ததும் மீள்திறன் அல்ல. ஆனாலும் கவலை மூளையின் இடத்தை எப்படி அடைத்துக்கொள்கிறது என்பதை அது காட்டியது. நகரத்துக்கு வந்தால், 2021-இல் வெளியான சென்னை ஆய்வு ஒன்று குறைந்த வருமானம் உள்ள 452 பேரின் தூக்கத்தை மணிக்கட்டுக் கருவி கட்டி அளந்தது. படுக்கையில் இருந்தது எட்டு மணி நேரம். தூங்கியதோ ஐந்தரை மணி நேரம்தான். காதடைப்பான், கண்மறைப்பு போன்றவற்றைக் கொடுத்து இரவில் 27 நிமிடம் கூடுதலாகத் தூங்க வைத்தும் வேலையில் முன்னேற்றம் தெரியவில்லை. அமைதியான இடத்தில் பகலில் அரைமணி நேரம் கண்ணயர விட்டபோது வேலையும் தேறியது, மனநிலையும் தேறியது. புழுக்கம், கொசு, தெருச் சத்தம் இவற்றுக்கு நடுவே துண்டு துண்டாகத் தூங்கி எழுந்த பெண்ணிடம் காலை பத்து மணிக்கு, ‘நெருக்கடியில் தெளிவாகச் சிந்திப்பீர்களா?’ என்று கேட்டால், வரும் விடை அவருடைய குணத்தைப் பற்றியதா, அவருடைய குடியிருப்பைப் பற்றியதா?

குறைந்த மதிப்பெண் மட்டுமல்ல, உயர்ந்த மதிப்பெண்ணும் ஏமாற்றும். அமெரிக்க ஆய்வாளர் ஷெர்மன் ஜேம்ஸ் 1980-களில் வட கரோலினாவின் கறுப்பினத்தவரிடையே கண்ட ஒன்று இங்கே பொருந்தும். எந்த இடர் வந்தாலும் இன்னும் கடுமையாக உழைத்தே வெல்வேன் என்ற பிடிவாதம், வசதியற்றவர்களிடம் உயர் ரத்த அழுத்தத்தோடு சேர்ந்து காணப்பட்டது. செரில் உட்ஸ்-கிஸ்கோம்பே என்பவர் 2010-இல் கறுப்பினப் பெண்களை ஆராய்ந்து, உறுதியாகத் தோன்றியே தீர வேண்டும், உணர்ச்சியை அடக்க வேண்டும், உதவி கேட்கக் கூடாது என்ற கட்டாயம் அவர்களை எப்படி அரிக்கிறது என்று காட்டினார். நம் ஊரில் இதற்கு விளக்கமே தேவையில்லை. ‘அவள் எதையும் தாங்குவாள்’ என்ற பாராட்டு எத்தனை வீடுகளில் கூடுதல் வேலைக்கான உத்தரவாக மாறியிருக்கிறது! தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த சுமார் 45 ஆயிரம் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இல்லத்தரசிகள். பலர் வெளியில் பார்ப்பதற்குச் சமாளித்துக்கொண்டிருந்தவர்களாகவே இருந்திருப்பார்கள். தாங்கிக்கொள்வதை மட்டும் கணக்கெடுக்கும் அளவுகோல், தாங்குவதற்கு உடலும் உள்ளமும் கொடுக்கும் விலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

விடைகள் எப்படி வாங்கப்படுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். ஒற்றை அறை வீட்டில் தனியாகப் பேச இடமில்லை. மாமியார் வாசலில், பிள்ளை மடியில், பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலில். தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் கணவரின் வன்முறையைச் சந்தித்தவர்கள் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அந்தக் கணவர் கட்டிலில் படுத்திருக்கும்போது கேட்கப்படும் கேள்விக்கு என்ன பதில் வரும்? கேட்பவரைக் கூட்டிவந்தது மகளிர் குழுத் தலைவி என்றால் இன்னொரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது. தைரியசாலி என்று சொன்னால் கடன் கிடைக்குமா, கஷ்டம் என்று சொன்னால் உதவி கிடைக்குமா என்று எடைபோட்டுத்தான் பேசுவார்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை. கைவசம் உள்ள தகவலைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்துவது அது. ஆனால் அந்த விடையை எடுத்துக் கூட்டிக் கழித்து, ஒரு பெண்ணின் உள்ளம் 61 மதிப்பெண் என்று எழுதும் துணிச்சல் நமக்கு இருக்கக் கூடாது.

இதற்குச் சில மறுப்புகள் வரும். முதலாவது, ஏழைப் பெண்களைக் கண்ணீரும் கம்பலையுமாகவே காட்டிவந்த ஆய்வுகளுக்கு மாற்றாக அவர்களுடைய வலிமையை எடுத்துக்காட்டுவது மீள்திறன் ஆய்வுதானே, அதையும் குறை சொல்லலாமா என்பது. நியாயமான கேள்வி. நோய், கடன், குடி என்று குறைகளை மட்டும் எண்ணும் கணக்கெடுப்பு அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம் பெரிது. அதே சமயம், தண்டல்காரரிடம் ஒரு நாள் தவணை கேட்டு வாங்குவதும், சீட்டுப் பணத்தை எடுத்துப் பள்ளிக் கட்டணம் கட்டுவதும், ரேஷன் கடையில் இடம்பிடித்து வைத்துவிட்டு வேலைக்கு ஓடுவதும் ஒரு திறமை என்றால், அது அக்கம்பக்கத்தோடு சேர்ந்து இயங்கும் திறமை. அதை ஆளுக்கு ஆள் பிரித்து மதிப்பெண் போடுவது அவர்களுடைய வலிமையையே தவறாகப் புரிந்துகொள்வது. கண்ணியம் தர விரும்பினால், அவர்கள் கட்டிவைத்திருக்கும் அந்த வலைப்பின்னலைக் கலைக்காமல் இருப்பதே முதல் மரியாதை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. ஒரே தெரு, ஒரே வெள்ளம், ஒரே கடன். ஒருவர் எழுகிறார், ஒருவர் விழுகிறார். அப்படியானால் ஆளுக்கு ஆள் வேறுபாடு இருக்கிறது என்றுதானே பொருள்? இருக்கத்தான் செய்கிறது. சுபாவம், உடல்நிலை, சிறுவயது அனுபவம் என்று எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. அந்த வேறுபாட்டை ஆராய்வது மனநல அறிவியலின் வேலை. ஆனால் கொள்கை வகுப்பவர் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. விழுந்தவர் ஏன் எழவில்லை என்பதைவிட, அந்தத் தெருவில் இத்தனை பேர் ஏன் விழுந்துகொண்டே இருக்கிறார்கள் என்பதற்குத்தான் மாநகராட்சி பதில் சொல்ல வேண்டும். மேலும், ஒரே தெருவில் இருப்பதால் நிலைமையும் ஒன்றாகிவிடாது. தாய்வீடு அடுத்த தெருவில் இருப்பவரும், தாய்வீடு திருவண்ணாமலையில் இருப்பவரும் ஒரே வெள்ளத்தைச் சந்திப்பதில்லை.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. வீடு, தண்ணீர், வேலை எல்லாம் மாற ஆண்டுக்கணக்காகும். மனத்துக்கான உதவியை நாளைக்கே தொடங்கலாமே என்பார்கள். தொடங்கத்தான் வேண்டும். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மனநலச் சிகிச்சை தேவைப்படுபவர்களில் அது கிடைக்காதவர்களின் பங்கு, நோயின் வகையைப் பொறுத்து ஏறத்தாழ 70 முதல் 92 சதவீதம் வரை. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் தொடங்கிய ‘நட்பு இருக்கை’ திட்டம் ஒரு நல்ல பாடம். சுகாதார நிலையத்துக்கு வெளியே மரத்தடி பெஞ்சு. பயிற்சி பெற்ற பாட்டிமார்கள். பிரச்சினையைப் பகுத்துத் தீர்க்கும் சில அமர்வுகள். 24 நிலையங்களில் 573 பேரிடம் நடந்த சோதனையில் மனச்சோர்வு கணிசமாகக் குறைந்தது 2016-இல் பதிவானது. கவனிக்க வேண்டியவை இரண்டு. அங்கே பயன்படுத்திய வினாத்தாள் உள்ளூர் ஷோனா மக்கள் தங்கள் துயரத்தைச் சொல்லும் விதத்திலிருந்தே உருவானது. அது அளந்தது துயரத்தை, ‘உறுதி’யை அல்ல. இரண்டாவது, அமர்வுகள் முடிந்ததும் அவற்றில் பங்கேற்ற பெண்கள் ஒன்றுகூடி, பழைய பிளாஸ்டிக்கில் பை பின்னி விற்கும் குழுக்களில் சேர்ந்தார்கள். ஆலோசனையும் துணையும் வருமானமும் ஒன்றாக வந்தன. மனத்துக்கு உதவுவதற்கும் மனத்துக்கு மதிப்பெண் போடுவதற்கும் உள்ள தூரம் அது.

சூழலை மாற்றினால் மனம் மாறும் என்பதற்கு அமெரிக்காவில் 1990-களில் நடந்த பெரும் சோதனை ஒன்று சாட்சி. ஐந்து நகரங்களில் அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த சுமார் 4,600 குடும்பங்களில், குலுக்கலில் பெயர் விழுந்தவர்களுக்கு வறுமை குறைந்த பகுதிகளில் வாடகைக்குக் குடிபோக உதவி தந்தார்கள். பெரும்பாலும் பெண்கள் தலைமையிலான குடும்பங்கள். 10 முதல் 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது பெரியவர்களின் சம்பாத்தியம் உயரவில்லை. ஆனால் உடல்நலமும் மனநலமும் தேறியிருந்தன. யாருக்கும் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கவில்லை; அச்சம் குறைந்த தெரு கிடைத்தது, அவ்வளவே. சென்னையில் நாம் செய்ததோ பெரும்பாலும் அகமதாபாத் வழி. 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கம் என்று, கூவம், அடையாறு கரையோரங்களில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை நகருக்கு வெளியே கொண்டுபோய் இறக்கினோம். வீட்டு வேலைக்குப் போய்வந்த பெண்களுக்கு வேலை பழைய பேட்டையிலேயே நின்றுவிட்டது. வீடு மட்டும் பழைய மாமல்லபுரம் சாலைக்குப் போய்விட்டது. அந்தப் பெண்களின் மீள்திறன் குறைவு என்று நாளை ஒரு அறிக்கை வந்தால், அதை எழுதியவர் முதலில் குடியமர்த்தல் உத்தரவைப் படிக்கட்டும்.

அப்படியென்றால் அளக்கவே வேண்டாமா? வேண்டும், எண் இல்லாத துயரத்துக்கு நிதிநிலை அறிக்கையில் இடம் கிடைப்பதில்லை. ஆனால் அளக்கும் முறையை மூன்று விதங்களில் மாற்ற வேண்டும். முதலில், மனத்தைப் பற்றிய ஒவ்வொரு கேள்வியோடும் சுமையைப் பற்றியும் துணையைப் பற்றியும் கேள்வி இருக்க வேண்டும். இன்று ராத்திரிக்குள் ஐயாயிரம் ரூபாய் வட்டியில்லாமல் புரட்ட எத்தனை பேரைக் கேட்க முடியும்? திடீரென்று மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தால் குழந்தையை யாரிடம் விடுவீர்கள்? வாரம் எத்தனை தவணை? வேலைக்குப் போய்வர எத்தனை மணி நேரம்? இருட்டிய பிறகு பயமில்லாமல் தெருவில் நடக்க முடியுமா? கானர், டேவிட்சன் பட்டியலைவிட இந்த ஐந்து கேள்விகள் ஒரு பெண் அடுத்த நெருக்கடியைத் தாண்டுவாரா என்பதைப் பற்றி நிறையச் சொல்லும். அடுத்து, ஒருமுறை கேட்டுவிட்டு முடிவெழுதக் கூடாது. பள்ளி திறக்கும் ஜூன், மழை கொட்டும் நவம்பர், சம்பளம் வந்த முதல் வாரம், கைவறண்ட கடைசி வாரம் என்று மாறிமாறிக் கேட்டால்தான் மாறுவது ஆளா, காலமா என்று தெரியும். மூன்றாவதாக, கேட்பதற்குத் தனியிடமும், கேட்டதை வெளியே சொல்லாத ஒழுக்கமும் வேண்டும். வன்முறையைப் பற்றிய விடை வந்தால் உடனே கைகொடுக்க ஏற்பாடு இருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாதவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது.

இந்த மாற்றங்களுக்கெல்லாம் மேலாக, முடிவுகளை ஆள்வாரியாக அல்ல, வார்டுவாரியாக வெளியிட வேண்டும். பெண்கள் எந்த வார்டில் அதிகம் துவண்டுபோயிருக்கிறார்களோ, அந்த வார்டின் தண்ணீர், பேருந்து, தெருவிளக்கு, குழந்தைகள் மையம், மதுக்கடை, சுகாதார நிலையம் எல்லாம் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சாகட்டும். தமிழ்நாட்டில் 2022 முதல் நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் இருக்கின்றன. அந்தப் பட்டியலைப் படித்துக் காட்ட அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. சூழலை மாற்றுவது அரசுக்கு முடியாத காரியமும் அல்ல. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தால் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழு கண்டறிந்தது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது. இந்த இரண்டு திட்டங்களும் பயனாளிகளின் மனநிலையை, தூக்கத்தை, கடனை எப்படி மாற்றியிருக்கின்றன என்று அளந்து பார்ப்பதுதான் மீள்திறன் ஆய்வாளர்களுக்கு உகந்த வேலை.

பல்கலைக்கழகங்களும் தொண்டு நிறுவனங்களும் அடுத்த வினாத்தாளை அச்சடிப்பதற்கு முன் ஒரு விதியை ஏற்றுக்கொள்ள வேண்டும்: சுமையை அளக்காத எந்த ஆய்வும் உறுதியை அளக்கக் கூடாது, அப்படி அளந்த ஆய்வை எந்த அரசுத் துறையும் திட்டத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நகரத்து ஏழைப் பெண்கள் தாக்குப்பிடிப்பார்களா என்ற கேள்விக்கு அவர்கள் தினமும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் இவ்வளவு தாக்குப்பிடிக்க வேண்டிய நிலை ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நிர்வாகம். தேர்வு அதற்குத்தான், மதிப்பெண்ணும் அதன் பெயரில்தான் எழுதப்பட வேண்டும்.